சுனைக்குப் போன இடத்தில் கணவரைத் தொலைத்தேன்

போன சனிக்கிழமை ஒரு மலையடிவாரத்தில் என் கணவரைத் தொலைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். பர்ஸைத் தொலைக்கலாம், செருப்பைத் தொலைக்கலாம்... ஒரு பக்கம் கையும் காலும் வராமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளை யாராவது தொலைப்பார்களா? நான் தொலைத்தேன். அதுவும் மாதா கோயிலில்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — போன ஐப்பசியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருந்தவர். மண்டி வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் பாதி வார்த்தை வரும். மீதியை நான் நிரப்பிக்கொள்ள வேண்டும். வலது கையும் வலது காலும் தன்னுடையவை என்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி.

டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். "வாக்கரைப் பிடிச்சுத் தினமும் நடக்க வைங்கம்மா. நடந்தாத்தான் கால் வரும்" என்றார். வாக்கர் வாங்கினோம். ஆரம்பத்தில் கட்டிலிலிருந்து வாசல்படி வரை கொஞ்சம் நடந்தார். அப்புறம் என்ன ஆயிற்றோ, ஒரேயடியாக நிறுத்திவிட்டார். வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. முதலில் அதன் மேல் அவருடைய துண்டு காய்ந்தது. பிறகு என் உள்பாவாடை காய்ந்தது.

காலையில் கேட்பேன்: "நடக்கலாமாங்க?" தலையை ஆட்டுவார் — வேண்டாம். சாயங்காலம் கேட்பேன். "வலி..." என்பார். கெஞ்சினேன். கோபித்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவரும் நடக்கவில்லை.

தினமும் போன் வரும். பெங்களூரிலிருந்து மகன் கார்த்தி: "அப்பா எப்படி இருக்கார்?" என் நாத்தனார்: "அண்ணன் எப்படி இருக்காரு?" தெருவில் இறங்கினால்: "ஐயா எப்பிடி கீறாரு?" எல்லோருக்கும் ஒரே பதில் — "பரவாயில்ல."

யாரையும் குறை சொல்லவில்லை. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நான் என்று ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறேனா... இல்லை, அவருடைய உடல்நிலையை வாசிக்கிற ரேடியோவா?

களைப்பு என்று சொன்னால் போதாது. வேலை செய்தால் வருவது களைப்பு, தூங்கினால் போய்விடும். இது வேறு. காலையில் கண் விழிக்கும்போதே நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, 'எதுக்கு இங்க வந்தோம்' என்று நிற்க வைக்கும். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்து எழுந்து, தூக்கம் என்பது கிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. எங்கே பிடித்து இழுத்துப் போர்த்தினாலும் ஏதோ ஒரு பக்கம் வெளியே நிற்கும்.

இந்த நிலைமையில்தான் அந்தோணி அந்தப் பேச்சை எடுத்தார்.

அந்தோணி எங்கள் ஆட்டோக்காரர். பிசியோதெரபிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போய் வருபவர். என் கணவரை நாற்காலியிலிருந்து தூக்கி சீட்டில் வைப்பதைப் பார்த்தால் பூந்தொட்டியைத் தூக்கி வைக்கிற மாதிரி இருக்கும்.

"யக்கா, ஒரு தபா நம்ம மலைக்கு வாங்களேன். அடிவாரத்துல மாதா கெபி கீது. பின்னால பாறையில சுனை. எந்த வெயிலுக்கும் வத்தாது. எங்கம்மா காலு வீங்கிக்கினு நடக்க முடியாம கெடந்துச்சே, அந்தத் தண்ணி போட்டு தேச்சிதான் எயுந்துச்சி."

"நாங்க முருகனைக் கும்பிடறவங்க அந்தோணி."

"முருகனும் மலைலதான கீறாரு. மலையும் மலையும் சண்டையா போட்டுக்கப் போவுது?"

எனக்கு நம்பிக்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவநம்பிக்கையும் இல்லை. இரண்டுக்குமே உடம்பில் தெம்பு வேண்டும். நான் சரி என்று சொன்ன காரணம் வேறு. மே மாதம் மாதாவின் மாதமாம். சனிக்கிழமைகளில் வருகிற எல்லோருக்கும் மலையில் கஞ்சி ஊற்றுவார்களாம். அப்படியென்றால் ஒரு வேளை நான் சமைக்க வேண்டாம்!

இதைவிட உயர்ந்த பக்தி என்னிடம் அன்றைக்கு இல்லை.

கிளம்பும்போது அந்தோணி வாக்கரையும் எடுத்து ஆட்டோவில் சொருகினார். "அது எதுக்கு, இடத்த அடைச்சுக்கிட்டு?" என்றேன். "இருக்கட்டும் யக்கா" என்றார்.

ஏரிக்கரையைத் தாண்டி சாலவாக்கம் ரோட்டில் போனோம். அறுப்பு முடிந்து ரோட்டோரம் நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். இவர் எட்டிப் பார்த்தார். "ஈரம்" என்றார். தெளிவாக! நெல் என்றால் வார்த்தை முழுசாக வருகிறது. என் பெயரைக் கூப்பிடச் சொன்னால் 'ம'வோடு நின்றுவிடும். மல்லிகா என்பது அவ்வளவு கஷ்டமான பெயரா?

வழியில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து போனார்கள். நீலச் சேலை, கையில் காலி கேன். அந்தோணி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஹாரன் அடித்துக் கும்பிட்டார்.

மலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உருண்டைப் பாறைகளும் முட்செடிகளுமாக ஒரு குன்று. அடிவாரத்தில் பாறைக் குடைவுக்குள் மாதா சிலை — அதைத்தான் கெபி என்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மண்டபம். ஒரு ஓரமாக சிமெண்டுப் பாதை கிளம்பி, கொஞ்ச தூரம் சமதளமாகப் போய், அப்புறம் மேலே ஏறுகிறது. பாதை நெடுகிலும் சிலுவைகள்.

சுனை? சலசலவென்று ஓடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கெபிக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு ஈரக்கோடு. அதன் முனையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். அதிலிருந்து சொட்டு... சொட்டு... முன்னால் கேன்களும் பாட்டில்களும் சொம்புகளுமாக நீண்ட வரிசை. யாரும் முட்டி மோதவில்லை. தண்ணீருக்கே அவசரம் இல்லாதபோது மனிதர்கள் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

இவரை ஒரு புங்கமர நிழலில் நாற்காலியோடு நிறுத்திவிட்டு, அந்தோணி மெழுகுவத்தி வாங்கப் போனார். நான் பாட்டிலோடு வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஒல்லியான பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நடந்து வந்தவர் என்று பாதத்துப் புழுதியே சொன்னது.

"யாருக்கு யக்கா ஒடம்பு சொகமில்ல?"

"அதோ, அவருக்குத்தான். பக்கவாதம். இப்ப பரவாயில்ல" என்றேன். ரேடியோ தானாகவே ஓடியது.

அவர் நான் கை காட்டிய பக்கம் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்பிடி கீற?"

'யக்கா'விலிருந்து 'நீ'க்கு எப்போது தாவினார்? தெரியவில்லை. நன்றாக இருந்தது.

"எனக்கென்ன... நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா கீறவ நின்னுக்கினே தூங்குவாளா? கண்ணு சொருவி சொருவி வுயறத நானும் பாத்துக்கினுதான கீறேன். எப்ப ஒயுங்கா தூங்கின?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.  கண்ணில் தண்ணீர்தான் வந்தது. முன்பின் தெரியாதவர் முன்னால், வரிசையில் நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு... என்ன அசிங்கம்!

 அவர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"போ. மண்டபத்துல போயி படு. தண்ணி நான் புடிச்சி வெக்கறேன். அவர எங்காளு பாத்துக்குவாரு."

"ஐயோ, வேணாங்க. அவரை எல்லாராலயும் பார்த்துக்க முடியாது. அவரு கொஞ்சம் கனம்..."

"எங்காளு நெல்லு மூட்ட தூக்கறவரு. அதோ, மொதலாளின்னு அடையாளங்கண்டு போயி குந்திக்கினு கீறாரு பாரு. ஒங்க மண்டியிலயே எவ்ளோ தூக்கி கீறாரு. ஐயாவ தூக்க மாட்டாரா?"

அப்போதுதான் மரத்தடியைப் பார்த்தேன். உயரமான ஒருவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் இடது கையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அடையாளம் தெரிந்தது. சவரிமுத்து. எங்கள் மண்டியில் லோடு இறக்கியவர். இந்தப் பெண்மணி அவருடைய மனைவி, விக்டோரியா.

"கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். தரை சில்லென்று இருந்தது. முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்தது நினைவிருக்கிறது. வெளியே யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான்.

கண் விழித்தபோது வெயில் மண்டபத்தின் மறுபக்கம் போயிருந்தது. தலைக்குக் கீழே மடித்து வைத்த ஒரு துண்டு, என்னுடையது இல்லை. பக்கத்தில் என் பாட்டில், கழுத்து வரை தண்ணீர். வெளியே கஞ்சி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்காக வந்தேனோ அந்தக் கஞ்சியும் போச்சு!

புங்கமரத்தைப் பார்த்தேன். நாற்காலி இருந்தது. அதில் ஆள் இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். அந்தோணி இல்லை. சவரிமுத்து இல்லை. விக்டோரியா இல்லை. சுனையில்கூட ஒருவரும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.  விழுந்துவிட்டார். தலையில் அடி. யாரோ தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்... நான் தூங்கியிருக்கிறேன். அவரைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்!

அண்டா கழுவியவரிடம் ஓடினேன். "இங்க நாற்காலியில ஒருத்தர் இருந்தாரே..."

"அல்லாரும் சிலுவைப் பாதைக்குப் போயிட்டாங்களேம்மா" என்று பாதையைக் காட்டினார்.

செருப்பு எங்கே என்று பார்க்கவில்லை. சிமெண்டு கொதித்தது. ஓடினேன். பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பியதும் கூட்டத்தின் முதுகு தெரிந்தது. சிலுவை ஒன்றின் முன்னால் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒரு வாக்கர். வாக்கருக்குப் பின்னால் என் கணவர்.

நின்றுகொண்டிருந்தார்.

இடது கை வாக்கரில். வலது கை சவரிமுத்துவின் தோளில். சவரிமுத்துவின் கை இவருடைய இடுப்பைச் சுற்றி. பின்னால் அந்தோணி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கபடிக்கு நிற்பவர் மாதிரி. இவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜெபம் முடிந்து கூட்டம் அடுத்த சிலுவைக்கு நகர்ந்தது. இவரும் நகர்ந்தார். ஒரு அடி. மூச்சு. இன்னொரு அடி. உதடு அசைந்தது. கூட்டம் சொல்கிற ஜெபத்தில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு இவரும் சொல்லிக்கொண்டிருந்தார் — "மரியே... மரியே..."

முருக பக்தர்!

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன் — எனக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. எத்தனை காலை, எத்தனை சாயங்காலம்! என் கெஞ்சலுக்கு அசையாத கால், வேறு யாருக்கோ அசைகிறதா?

"வீட்ல நான் கெஞ்சினப்ப வராத கால் இங்க மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

கத்தியே விட்டேன். ஜெபம் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

இவரும் மெதுவாகத் தலையைத் திருப்பினார். வாய் கோணியது. எதையோ சொல்லப் போராடினார். வழக்கமாக மீதி வார்த்தையை நான் நிரப்பிவிடுவேன். அன்றைக்கு நிரப்பத் தெரியவில்லை. காத்திருந்தேன். அந்தக் கூட்டமே காத்திருந்தது.

"நீ... வுயுந்த" என்றார்.

விழுந்தேனா? நானா? எப்போது?

பொங்கல் கழிந்து ஒரு காலையில், வாக்கரோடு அவரை பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஈரத்தில் வழுக்கியதா, எனக்குக் கண் இருட்டியதா, தெரியாது. அவருடைய எடை முழுக்க என் மேல். இருவரும் தரையில். அவருக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு மணிக்கட்டு வீங்கியது. கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். தைலம் தடவினேன், வேலையைப் பார்த்தேன், மறந்தும் விட்டேன்.

அவர் மறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நடப்பதை நிறுத்தியது அன்றிலிருந்துதான்.

"இன்னொரு தபா... வுயுந்தா... ஒன்ன... யாரு..."

அதற்கு மேல் வரவில்லை. சவரிமுத்துதான் முடித்து வைத்தார். "ஒங்கள தூக்க ஆள் இல்லன்றாரும்மா மொதலாளி."

'வலி' என்றாரே... யாருடைய வலி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கால் என்று நானாக நிரப்பிக்கொண்டேன்.

"ஜெபத்த நிறுத்தாதீங்க" என்று முன்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். கூட்டம் மறுபடி நகர்ந்தது. நான் பழக்க தோஷத்தில் இவருடைய கையைப் பிடிக்கப் போனேன். விக்டோரியா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நீ தொடாத. சும்மா பின்னால வா."

பின்னாலேயே நடந்தேன். வெறுங்கையோடு. கைகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கட்டிக்கொண்டேன், தொங்கவிட்டேன், மறுபடி கட்டிக்கொண்டேன். முன்னால் சவரிமுத்துவின் தோள். வருஷக்கணக்காக எங்கள் மண்டியில் மூட்டை இறக்கிய தோள். மண்டியில் இவருக்கு நாற்காலி, அவருக்கு வாசல். பேச்சென்றால் 'இங்க இறக்கு, அங்க அடுக்கு' மட்டும்தான். இவர் அந்தத் தோளில் கை வைத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவர் தடுமாறும்போதெல்லாம் சவரிமுத்து, "நான் கீறன் மொதலாளி, கீறன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் இவர் ஒரு பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. அந்தோணி போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு? எங்க மாமியா படுத்துக்கினு கெடந்தப்போ, 'நீ போயி படு'ன்னு என்னான்ட ஒருத்தர் சொல்லல. அதான் ஒம் மூஞ்சிய பாத்ததும் தெரிஞ்சிகிச்சி" என்றார். "கஞ்சி எடுத்து வெச்சிகீறேன், குடிச்சிட்டுப் போ."

ஆறிப்போயிருந்தது. உப்பும் கம்மி. கடைசிப் பருக்கை வரை குடித்தேன்.

சுனைத் தண்ணீர் இப்போது எங்கள் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா, "சர்ச்சுக்கா போயிட்டு வந்தீங்க?" என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். மறுநாள் கொல்லைப்பக்கமாக வந்தார், ஒரு டம்ளரோடு. "முட்டிவலிக்கு கொஞ்சம் குடேன்." கொடுத்தேன்.

அற்புதம் நடந்ததா என்று கேட்பீர்கள். மறுநாள் இவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. காலெல்லாம் வலி — இந்தத் தடவை நிஜமாகவே அவர் கால்தான். எனக்கும் பழையபடி அடுப்பு, மாத்திரை, புரட்டல்.

ஆனால் சாயங்காலம் கார்த்தி போன் செய்தபோது ஒன்று மாறியது.

"அப்பா எப்படி இருக்கார்?"

"அவர் பரவாயில்ல. எனக்குத்தான் முடியல."

 ரேடியோவில் திடீரென்று வேறு நிகழ்ச்சி வந்தால் யாராக இருந்தாலும் திடுக்கிடத்தானே செய்வார்கள்?

"என்னம்மா ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல. வந்து உங்கப்பாவைப் பிடி. நான் தூங்கணும்."

"லீவு பார்க்கறேம்மா..." என்று இழுத்தான். நானும் வழக்கம் போல 'பரவாயில்லப்பா, முடிஞ்சப்ப வா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஏழு மாதமாக நான் நிரப்பிக்கொண்டே வந்த இடங்களில் இதுவும் ஒன்று. அவனே நிரப்பட்டும்.

நேற்றுக் காலை வந்து இறங்கினான், முதுகில் பையோடு. அந்தோணியும் சவாரிக்குப் போகும் முன் எட்டிப் பார்த்தார். இரண்டு பேருமாக இவரை எழுப்பி வாக்கரில் நிறுத்தினார்கள். கார்த்தி இடுப்பில் கை கொடுக்கத் தெரியாமல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பிடி இல்ல தம்பி, கைய உள்ள வுடு" என்று அந்தோணி காட்டிக்கொடுத்தார்.

நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆனால் ஓடிப் பிடிக்கத் தயாராக.

முற்றத்தைத் தாண்டி கேட் வரைக்கும் போனார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு இவர் மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வாய் கோணியது. நான் நிரப்பவில்லை.

"ம... மல்லி. நீ போயி... படு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட உத்தரவுகளில், மறுபேச்சில்லாமல் நான் கேட்டது அது ஒன்றுதான்.